கழனிகளுக்குப் பேர் சொன்ன ஞாயிற்றுக்கிழமை

எங்கள் ஊர் வரலாற்று மன்றத்தின் நோட்டீஸை மூன்று மாதத்துக்கு ஒருமுறை டைப் செய்து கொடுப்பவள் நான்தான். உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டை ஒட்டி ஒரு வாடகைக் கடையில் இரண்டு ஜெராக்ஸ் மெஷினும் ஒரு கம்ப்யூட்டரும் வைத்திருக்கிறேன். மனு, மஞ்சள் நீராட்டுப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, லேமினேஷன் என்று எது வந்தாலும் செய்வேன். மன்றத்து நோட்டீஸுக்கு மட்டும் காசு வாங்குவதில்லை. அந்த நன்றிக்கு என்னையும் உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டார்கள். சேர்த்துக்கொண்டார்கள் என்றால், மாதக் கடைசி ஞாயிறு ஊர் நூலகக் கட்டடத்தில் கூட்டம் நடக்கும்போது கடைசி வரிசையில் உட்காரலாம், டீ வந்தால் எனக்கும் ஒரு கிளாஸ் உண்டு. அவ்வளவுதான்.

நோட்டீஸின் தலைப்பு எப்போதும் ஒன்றே: ‘வரும் மூன்று மாத நிகழ்ச்சிகள்’. அதன் கீழே ஒரு மாதம் கூரம் கோயிலுக்கு வேன், ஒரு மாதம் பாலாற்றைப் பற்றி வாலாஜாபாத்திலிருந்து ஒருவர் வந்து பேசுவது, ஒரு மாதம் பழைய காசுகளின் கண்காட்சி என்று போகும். புள்ளலூர் போர்க்களத்தைப் பார்க்கவும் ஒருமுறை போனோம். அங்கே போர்க்களம் எங்கே இருக்கிறது? நெல்தான் இருக்கிறது. எங்கள் தலைவர் வரப்பில் நின்று கையை வீசி, பல்லவர் சேனை இந்தப் பக்கம், சாளுக்கியர் சேனை அந்தப் பக்கம் என்று ஆவேசமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். கழனிக்காரர் ஓடிவந்து, “சார், நேத்துதான் மருந்து அட்சிருக்கேன், எந்த சேனையும் எறங்காதீங்க” என்றார். வேனில் திரும்பி வரும்வரை சிரித்தோம்.

தலைவரைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். பாங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஊரில் பெரிய நிலக்காரக் குடும்பம். கெட்ட மனுஷர் இல்லை. கல்வெட்டு என்றால் சோறு தண்ணீர் வேண்டாம் அவருக்கு. மன்றத்தில் அடுத்து யார் பேசுவது என்பதில் ஆரம்பத்திலிருந்தே சண்டை வந்ததால், அவர்தான் ஒரு வழி கண்டுபிடித்தார். ஆயிரம் வருஷத்துக்கு முன் உத்திரமேரூர்க்காரர்கள் ஓலையில் பேர் எழுதிக் குடத்தில் போட்டு, குலுக்கி எடுத்துத் தேர்தல் நடத்தினார்கள். கோயில் சுவரிலேயே வெட்டி வைத்திருக்கிறது. நாமும் அப்படியே செய்தால் என்ன என்றார். மண்பானை ஒன்று வாங்கினோம். சீட்டில் பேர் எழுதிப் போட்டுக் குலுக்கினோம். யார் பேர் வருகிறதோ அவர் பேச வேண்டும். ஒருத்தரும் மூச்சு விட முடியாது.

பானையோடு நின்றிருக்கலாம். மனுஷர் விதிகளையும் சுவரிலிருந்தே எடுத்தார். பானையில் பேர் போட வேண்டுமானால் சொந்தமாக நிலம் இருக்க வேண்டும், சொந்த மனையில் வீடு கட்டியிருக்க வேண்டும், முப்பத்தைந்து வயதுக்கு மேல் எழுபதுக்குள் இருக்க வேண்டும். பெருமைக்காகப் போட்டதுதான், யாரையும் தள்ளி வைக்கப் போட்டதில்லை. நோட்டீஸின் பின்பக்கம் ஒரு கட்டத்துக்குள் அது அச்சாகும். மூன்று வருஷம் நானே என் கையால் டைப் செய்தேன். கட்டத்துக்கு அழகான பார்டர்கூடப் போட்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு தடவைகூட எனக்கு உறைக்கவில்லை. பார்டரில் வரும் பூவைப் போல அதுவும் ஒரு அலங்காரம் என்றுதான் நினைத்திருந்தேன்.

நான் காலனிக்காரி. எங்கள் தெருவில் ஒருவருக்கும் கழனி கிடையாது. கடை வைப்பதற்கு முன் பதினைந்து வருஷம் நடவுக்குப் போனவள். என் அண்ணனின் மனைவிதான் இன்றைக்கும் எங்கள் பக்கத்து நடவு ஆட்களுக்கு மேஸ்திரி. இருபது பெண்களைச் சேர்த்துக்கொண்டு, எந்தக் கழனிக்கு என்றைக்கு இறங்குவது என்று போனிலேயே பேசி முடித்துவிடுவாள். அண்ணி முன்னால் நடந்தால் மற்றவர்கள் பின்னால் நடப்பார்கள். வரப்பிலும் சரி, கல்யாண வீட்டிலும் சரி.

போன வருஷம் தலைவருக்கு ஒரு யோசனை வந்தது. சும்மா சொல்லக்கூடாது, அவருக்கு வந்த யோசனைகளிலேயே அதுதான் நல்ல யோசனை. பழைய கல்வெட்டுகளில் ஒரு நிலத்தைச் சொல்லும்போது எந்த வாய்க்கால், அதிலிருந்து பிரியும் எத்தனையாவது கண்ணாறு என்று அடையாளம் சொல்லியிருக்கிறார்களாம். இன்றைக்கு நம் ஏரித் தண்ணீர் பாயும் கழனிகளுக்கு என்னென்ன பேர் வழங்குகிறது என்று ஒரு பெரிய வரைபடம் போட்டு, நூலகச் சுவரில் மாட்டி, அதை வைத்து ஒரு உரை. நோட்டீஸில் நான் அதைக் கொட்டை எழுத்தில் போட்டேன்: ‘நம் ஏரிக் கழனிகளின் பெயர்கள். உரையும் வரைபடமும்.’

பானையைக் குலுக்கினார்கள். வந்த பேர் தாம்பரத்தில் குடியிருக்கும் ஒரு நிலக்காரருடையது. அவர் போனில், “சர்வே நம்பர் வேணா வாட்ஸ்ஆப்ல அனுப்பறேன், பேரெல்லாம் யாருக்குத் தெரியும்?” என்று கையை விரித்துவிட்டார். சரி, நானே பேசுகிறேன் என்று தலைவர் இறங்கினார். கமிட்டிக்காரர்கள் நான்கு ஞாயிற்றுக்கிழமை நிலக்காரர்கள் வீடு வீடாகப் போய்ப் பேர் கேட்டார்கள். நூற்றுச் சொச்சம் கழனிக்குப் பதினொரு பேர் கிடைத்தது. அதிலும் பாதி ‘பெரிய கழனி’, ‘அப்பா கழனி’, ‘கிழக்கத்திக் கழனி’. அவரவருக்கு அவரவர் கழனி. பக்கத்துக் கழனியைக் கேட்டால், அது அவங்களுது, எங்களுக்கு இன்னா தெரியும் என்றார்களாம்.

வரைபடம் பிரிண்டுக்கு என்னிடம் வந்தது. மூன்று மடை, அதிலிருந்து பிரியும் வாய்க்கால்கள், வாய்க்காலுக்கு இரண்டு பக்கமும் கட்டம் கட்டமாகக் கழனிகள். பேர் கிடைத்த பதினொன்றைத் தவிர மற்ற கட்டங்கள் எல்லாம் வெள்ளையாக இருந்தன. ஒரு மத்தியானம் கடையில் ஆள் இல்லை, கரண்டும் இல்லை. அந்தத் தாளை மேஜையில் விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குச் சிரிப்பு வந்தது. அட, இதுவா தெரியாது? பென்சிலை எடுத்தேன். முதல் மடையில் இறங்கியதும் ஒத்தைப்பனை. அதை அடுத்து அட்டைக் கழனி, அங்கே நட்டுவிட்டு வந்தால் காலில் ரத்தம் நிற்காது. அப்புறம் மொட்டைக்கிணறு, கோணத்துண்டு, நாவமரத்தடி, கல்யாணத்தில் கைமாறிய மருமவக் கழனி. யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. எங்கே முட்டிவரை இறங்கும், எங்கே சவுடு, எங்கே வரப்பில் புற்று இருக்கிறது என்று காலுக்கே ஞாபகம் இருந்தது. கரண்ட் வருவதற்குள் எண்பதைத் தாண்டிவிட்டேன்.

ஒரே ஒரு கட்டத்தை மட்டும் தெரிந்தே விட்டேன். இரண்டாவது மடைக்குக் கீழே, வாய்க்காலை ஒட்டிய நல்ல நிலம். தலைவருடையது, அந்தப் பதினொன்றில் தன்னுடையதை அவர் சேர்க்கவில்லை. அவர்கள் வீட்டில் அதை அஞ்சு காணி என்பார்கள். நாங்கள் அவர்கள் காதுபட ஒருநாளும் சொல்லாத பேர் வேறொன்று இருக்கிறது: பட்டினிக் காணி. அவருடைய அப்பா காலத்தில், கடைசி நாற்றை ஊன்றிக் கரையேறினால்தான் கூழ்ப்பானையைத் திறப்பார்களாம். நடுவில் யார் மயங்கி விழுந்தாலும் அதே சட்டம். நான் நடவுக்குப் போன காலத்தில் அந்தச் சட்டம் இல்லை, டீயும் வடையும் வந்தது. பேர் மட்டும் போகவில்லை. “நாளைக்கி எங்க?” என்று யாராவது கேட்டால், “பட்டினிக்குத்தான்” என்போம். சிரிப்புக்குச் சிரிப்பு, அடையாளத்துக்கு அடையாளம்.

சாயங்காலம் தலைவர் கடைக்கு வந்தார். தாளைப் பார்த்ததும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் போட்டுக்கொண்டார்.

“யாரும்மா எழுதனது இது?”

“நான்தான் சார்.”

“இவ்ளோ பேரா! எப்படிம்மா?”

“நட்டவளுக்குத் தெரியாதா சார்?”

அவருக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே. குழந்தை மாதிரி ஒவ்வொரு பேராக வாய்விட்டுப் படித்தார். எனக்கும் தலைகால் புரியவில்லை. அந்த சந்தோஷத்திலேயே வாயைத் திறந்துவிட்டேன்.

“சார், இந்தக் கூட்டத்துல நானே பேசறேன்.”

அவர் சிரித்தார். கிண்டல் இல்லை, உண்மையிலேயே நான் தமாஷ் பண்ணுகிறேன் என்று நினைத்துவிட்டார். “பானையில உன் பேரு இல்லியேம்மா.”

“போடுங்க.”

“சொந்த நெலம் இருக்கணும்னு விதி கீதே. நீதான டைப் பண்ணே?”

அப்போதுதான் உறைத்தது. சூடு போட்டது போல் உறைத்தது. மூன்று வருஷமாக, பார்டர் போட்டு, பூப் போட்டு, என்னையும் என் தெருவையும் நானே வெளியே தள்ளிக் கதவைச் சாத்திக்கொண்டிருக்கிறேன். வெட்கம் ஒரு பக்கம், ஆத்திரம் ஒரு பக்கம். எனக்குக் கோபம் எப்போதுமே மூக்குக்கு மேல்தான் இருக்கும். கடை வைத்த பிறகு கொஞ்சம் இறக்கி வைத்திருந்தேன்.

“கோவிச்சுக்காதம்மா,” என்றார் அவர். “நான் பேசறேன். முடிஞ்சதும் உன் பேரச் சொல்லி நன்றி சொல்லிடறேன். கை தட்டுவாங்க.”

நன்றியாம்! டிராயரைத் திறந்து ரப்பரை எடுத்தேன். முதலில் ஒத்தைப்பனை போயிற்று. அடுத்து அட்டைக் கழனி. மூன்றாவது கழனிக்கு வரும்போதுதான் அவருக்கு நடப்பது புரிந்தது.

“ஏய், ஏய், இன்னாம்மா பண்றே?”

“என்னுத நான் அழிக்கிறேன் சார். உங்க பதினொன்னும் அப்படியே கீது பாருங்க, அதுல கை வைக்கல.”

எண்பது சொச்சம் பேரையும் அவர் கண் முன்னாலேயே அழித்தேன். தாளில் ஓட்டை விழாமல் பொறுமையாகத்தான் அழித்தேன். ரப்பர்த் தூளை ஊதித் தள்ளிவிட்டு, தாளைச் சுருட்டி அவர் கையில் கொடுத்தேன். அதை வாங்கிக்கொண்டு படியிறங்கினார். அவர் போன பிறகு, ஒரு பெரிய மனுஷரிடம் இப்படி நடந்துகொண்டோமே என்று பயம் வந்தது. ஆனால் வருத்தம் வரவில்லை.

அன்றைக்கு நேராக அண்ணி வீட்டுக்குப் போனேன். அவள் வாசலில் உட்கார்ந்து மீன் கழுவிக்கொண்டிருந்தாள். நடந்ததைச் சொன்னேன். “நல்லா பண்ணே!” என்றாள். அடுத்த நிமிஷமே திட்டினாள்.

“அழிச்சிட்டு வந்துட்டா ஆச்சா? அவங்க போய்ப் பேசிக்கினு, அவங்களே ஒரு பேரு வெச்சி செவுத்துல மாட்டிக்குவாங்க. நாளைக்கி அதாண்டி நெலைக்கும். நாம வெச்ச பேரெல்லாம் எங்க போவும்?”

“விதி கீதுன்றாரு அண்ணி.”

“வெச்சவர்தான அவரு? எடுக்கச் சொல்லு. எத்தினி நாளு ரப்பர வெச்சிக்கினு பேஜார் பண்ணிக்கினு இருப்பே?” மீன் செதிலைத் தண்ணீரோடு வாரிக் கொட்டினாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். “சரி, நீயே பேசறதுன்னு வெச்சிக்க. அவரு கயினி பேரக் கேட்டா இன்னா சொல்லுவே?”

நான் கழுவிய மீனை எடுத்துச் சட்டியில் போட்டேன்.

“சொன்னா உன்னத் தூக்கி வெளிய போட்டாலும் போடுவாங்க,” என்றாள். “சொல்லலேன்னு வெய்யி, நானே எய்ந்து கேப்பேன்.”

விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று அண்ணியைப் பற்றித் தெரியாதவர்கள்தான் நினைப்பார்கள்.

அந்த வாரம் முழுக்கச் சரியாகச் சாப்பிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை கமிட்டி கூடும் நேரம் பார்த்து நூலகத்துக்குப் போனேன். ஏழு பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் வெள்ளைக் கட்டங்களோடு வரைபடம். கடைசி வரிசைக்குப் போகாமல் மேஜைக்கு எதிரிலேயே நின்றேன். என்னென்னவோ பேச வேண்டும் என்று தயார் செய்துகொண்டு போயிருந்தேன். எல்லாம் மறந்துவிட்டது. வந்தது இதுதான்.

“நெலம் இருக்கறவங்களுக்கு அவங்க கழனி ஒன்னுதான் தெரியும். நெலம் இல்லாதவளுக்கு எல்லாக் கழனியும் தெரியும். நீங்க தெரிஞ்சவங்களப் பூராவும் வெளிய நிறுத்திட்டு, தெரியாதவங்க பேரப் பானையில போட்டுக் குலுக்கிக்கினு கீறீங்க.”

 கமிட்டியில் ஒருவர், மீசையைத் தடவிக்கொண்டு, “அப்படின்னா என் கழனி பேரு சொல்லு பாக்கலாம்” என்றார். “சர்வே நம்பர் வந்து…”

“நம்பர் எனக்குத் தெரியாது. எந்த மடை, எந்தப் பக்கம், எத்தனாவது?”

“மூணாவது மடை. வாய்க்காலுக்கு வடக்கால நாலாவது.”

“ஆமைக்கட்டு. மூலையில உளை கீது. போன ஆடியில உங்க டிராக்டர் அங்கதான் மாட்டிக்கினு ரெண்டு நாளு நின்னுச்சு.”

மற்ற ஆறு பேரும் சிரித்தார்கள். மீசைக்காரரும் சிரித்துவிட்டு, “நிஜம்தான், எங்க தாத்தாகூட ஆமைக்கட்டுன்னு சொல்லுவாரு, நான் மறந்தே பூட்டேன்” என்றார். அப்புறம் ஒவ்வொருவராகக் கேட்க ஆரம்பித்தார்கள். வரலாற்று மன்றம் ஜோசியக்காரன் வாசல் மாதிரி ஆகிவிட்டது. நான் சொல்லச் சொல்ல அவர்கள் முகத்தில் ஒரு பளபளப்பு. தங்கள் நிலத்துக்கு ஒரு பேர் இருக்கிறது, அதை யாரோ இத்தனை வருஷம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்கள் என்பதே அவர்களுக்குப் புதுசு.

தலைவர் மட்டும் தன் கழனியைக் கேட்கவில்லை. தனக்குத்தான் தெரியுமே என்று நினைத்திருப்பார். நானும் அந்தப் பக்கம் போகவில்லை.

கடைசியில் அவர் எழுந்தார். “இந்த ஒரு தடவ இவங்களே பேசட்டும்” என்றார்.

“ஒரு தடவ இல்ல சார். அந்த நெலம், வூடு ரெண்டு வரியையும் எடுத்தாத்தான் அடுத்த நோட்டீஸ் அடிப்பேன். இல்லேன்னா வேற கடையப் பாத்துக்கோங்க.”

இவ்வளவு தூரம் வந்தாயிற்று, இனிமேல் என்ன? அவர் என்னையே பார்த்தார். பிறகு, “எடுத்துடும்மா” என்றார். கடைக்குப் போய் அந்த இரண்டு வரியையும் நானே அழித்தேன். கம்ப்யூட்டரில் ஒரு பட்டனைத் தட்டினால் போய்விடுகிறது. ஆயிரம் வருஷம் சுவரில் நின்ற சங்கதி! அந்தப் பட்டனைத் தட்டியபோது கடையில் தனியாக உட்கார்ந்து கைதட்டிக்கொண்டவள் நான்.

இப்போது வரப்போகும் மூன்று மாதத்து நோட்டீஸும் என் மேஜையில்தான் இருக்கிறது. தை மாதம் ஏரிக்கரை நடை, வழிகாட்டுவது நடவு ஆட்கள். மாசியில் ஏரி ஓரக் குடியிருப்பிலிருந்து ஒருவர், எலி வளையைத் தோண்டும்போது மண்ணுக்குள் என்னென்ன வருகிறது என்று பேசுகிறார். பங்குனியில் செங்கல் சூளை வேலைக்குப் போய் வந்தவர்கள் பேசுகிறார்கள். கூரத்துக்கு வேனும் உண்டு, அதை விட முடியுமா? எழுத்துப்பிழை பார்த்துவிட்டு நாளைக்குப் பிரிண்டுக்குக் கொடுக்க வேண்டும்.

சரி, நான் பேசிய அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

நூலகத்தில் ஐம்பது நாற்காலி போட்டிருந்தார்கள். பத்து மணிக்கே நிறைந்துவிட்டது. முன்வரிசை மட்டும் கௌரவத்துக்காகக் காலியாக இருந்தது. பெரிய பெரிய நிலக்காரர்கள் எல்லாம் தங்கள் கழனிப் பேரைக் கேட்க வந்திருந்தார்கள். தாம்பரத்துக்காரரும் காரில் வந்து இறங்கினார். வரைபடத்தைச் சுவர் அகலத்துக்கு பிளெக்ஸ் அடித்து மாட்டியிருந்தோம். கட்டங்களைக் காலியாகவே விட்டிருந்தேன். பேசப் பேச மார்க்கரால் எழுத வேண்டும் என்பது என் ஏற்பாடு.

அண்ணி தன் ஆட்களோடு வந்தாள். இருபது பேரும் பட்டுப்போன்ற புடவை கட்டி, பூ வைத்து, ஏதோ சீர்வரிசைக்குப் போவது போல் வந்தார்கள். ஆனால் உள்ளே வரவில்லை. வாசல்படியிலும் ஜன்னல் ஓரமாகவும் நின்றார்கள். “உள்ள வந்து உக்காருங்க” என்று தலைவர் கூப்பிட்டார். “இருக்கட்டும் சார், காத்து வருது” என்றாள் அண்ணி.

மைக்கைப் பிடித்ததும் எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. நல்லவேளை, கையில் மார்க்கர் இருந்தது. சுவர்ப்பக்கம் திரும்பி ஒத்தைப்பனை என்று எழுதினேன். அங்கே பனை விழுந்து போனதையும், விழுந்த அன்றைக்கு நாங்கள் அந்தக் கழனியில் களை எடுத்துக்கொண்டிருந்ததையும் சொன்னேன். பேச்சு வந்துவிட்டது. அட்டைக் கழனியைச் சொன்னபோது வாசலிலிருந்து, “ஐயோ, அத்தச் சொல்லாத!” என்று ஒரு கத்தல். கூட்டம் சிரித்தது. தாம்பரத்துக்காரரின் கழனி நிலாப்பாறை. வேலை முடிந்து கரையேறி உட்கார அங்கே ஒரு வெள்ளைப்பாறை உண்டு. அதைக் கேட்டதும் அவர் எழுந்து நின்று போனில் படம் எடுத்தார். “எங்கம்மாவுக்கு அனுப்பணும்” என்றார். நான் பறந்துகொண்டிருந்தேன். என் வாழ்க்கையில் அப்படி ஒரு மணி நேரம் அதற்குமுன் வந்ததில்லை.

இரண்டாவது மடைக்கு வந்தேன். வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் எழுதினேன், அந்தப் பக்கம் எழுதினேன். வாய்க்காலை ஒட்டிய அந்தப் பெரிய கட்டத்துக்கு எதிரே மார்க்கர் நின்றது. எதிரில் முன்வரிசைக்குப் பக்கத்தில் தலைவர், முகமெல்லாம் சிரிப்பாக உட்கார்ந்திருந்தார். எனக்கு இந்த மேடையைக் கொடுத்தவர். இத்தனை பேர் முன்னால் அவரை அவமானப்படுத்துவதா? பயந்துவிட்டேன், ஒளிக்காமல் சொல்கிறேன். அந்தக் கட்டத்தைத் தாண்டி அடுத்த கட்டத்துக்குப் போனேன்.

“ஏன், நடுவுல ஒன்னு வுட்டுட்டியே?” என்றாள் அண்ணி, வாசலிலிருந்து. சொன்னதைச் செய்கிறவள்.

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். தலைவரும் வரைபடத்தைப் பார்த்துவிட்டு, “அட, அது என்னுதும்மா! அஞ்சு காணி. எழுதிக்கோ” என்றார் உற்சாகமாக.

எழுதியிருந்தால் தீர்ந்தது. ஒருவரும் ஒன்றும் சொல்லப் போவதில்லை. வாசலில் நின்ற இருபது பேரைத் தவிர. அவர்கள் முகத்தைப் பார்த்தேன். ஒருத்தி முகத்திலும் சிரிப்பு இல்லை.

“இல்ல சார்,” என்றேன். மைக்கில் என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல் கேட்டது. “அது உங்க வூட்ல சொல்ற பேரு. எறங்கி நடறவங்க சொல்ற பேரு வேற.”

“அப்படியா? இன்னா பேரு?”

“பட்டினிக் காணி.”

 ஆரம்பித்தாயிற்று, நிறுத்தவில்லை. கடைசி நாற்று ஊன்றும்வரை கூழ்ப்பானை திறக்காத கதையைச் சொன்னேன். எங்கள் அம்மாக்கள் ஈர முந்தானையை இழுத்துக் கட்டி வயிற்றைப் பிடித்துக்கொண்டு நட்ட கதையைச் சொன்னேன். அழவில்லை, கத்தவில்லை. மற்ற கழனிகளை எப்படிச் சொன்னேனோ அப்படியே சொன்னேன்.

தலைவர் எழுந்துவிட்டார். வெளியே போகப் போகிறார் என்றுதான் நினைத்தேன்.

“அது எங்க அப்பா காலம்,” என்றார். குரல் இறங்கியிருந்தது.

“ஆமா சார். உங்க காலத்துல டீ வருது, வடை வருது. இல்லேன்னு சொல்லல. பேரு மட்டும் போவல.”

அவர் சுவரில் இருந்த அந்தக் கட்டத்தைத் திரும்பிப் பார்த்தார். பிறகு என்னிடம் கேட்கவில்லை, நேராக வாசலைப் பார்த்துக் கேட்டார்.

“அந்தப் பேர மாத்தவே முடியாதாம்மா?”

அண்ணி யோசித்தாள்.  “சாப்பாடு போட்டுப் பாருங்க சார். வடையெல்லாம் கணக்குல சேராது, மத்தியானம் எல போட்டு. உங்க பேரப்புள்ளைங்க காலத்துல பாக்கலாம்.”

யாரோ ஒருவர் களுக்கென்று சிரித்தார். அதுதான் தாமதம், கட்டடமே சிரித்தது. தலைவரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். என் பக்கம் வந்து கையை நீட்டினார். மைக்கைத்தான் கேட்கிறார் என்று நீட்டினேன். அவர் மார்க்கரை எடுத்துக்கொண்டார்.

“கோயில் கோயிலா வேன் வெச்சிக்கினு போயி அடுத்தவங்க வெட்டினதப் படிச்சிக்கினு கீறேன்,” என்றார் கூட்டத்தைப் பார்த்து. “என் கழனிக்கு ஜனங்க வெச்ச பேரு எனக்கே தெரியல.”

அந்தப் பெரிய கட்டத்தில், தன் கையாலேயே, பாங்க்காரரின் அழகான எழுத்தில், பட்டினிக் காணி என்று எழுதினார். முடித்துவிட்டு ஒரு அடி பின்னால் நகர்ந்து படித்துப் பார்த்தார். மார்க்கரை என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய் உட்கார்ந்தார்.

வாசலில் வளையல் சத்தம் கேட்டது. அண்ணி செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு உள்ளே வந்தாள். அவள் பின்னால் ஒவ்வொருவராக இருபது பேரும் வந்தார்கள். காலியாக இருந்த முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். நாற்காலி போதாமல் இரண்டாம் வரிசையில் இருந்த நிலக்காரர்கள் எழுந்து இடம் விட்டார்கள். அண்ணி முந்தானையைச் சரிசெய்துகொண்டு, கால்மேல் கால் போட்டு, என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“உம், இப்ப சொல்லு,” என்றாள். “அடுத்த கயினி இன்னா?”